ஆல்ஃப் டன்கனுக்குக் கண்ணீர் அஞ்சலி

பெண்டிகோ, ஆஸ்திரேலியா
1.3.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெஸ்லின் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே ஸ்தோத்திரம். போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவேன் என்றீர்கள். சொன்னபடியே பதினேழு மாதமாக வைத்துக்கொண்டும் இருக்கிறீர்கள். கடிதத்தை வாசிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து வருகிறேன்.

அவசர அவசரமாக எழுதுகிறேன் அண்ணே. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

நான் நர்சாக இருக்கும் முதியோர் இல்லத்தில் ஆல்ஃப் டன்கன் என்று ஒரு கிழவர் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. வாலிபத்தில் இந்த ஊரில் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போய், சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டிருக்கிறார். "சண்டை போட்டது அஞ்சு வாரம், கைதியா இருந்தது மூணரை வருஷம்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குமேல் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பெரிய பிடிவாதக்காரர். காலையில் தட்டில் முட்டை வைத்தால் ஒரே தள்ளு, ரொட்டியும் சேர்ந்து தரையில் கிடக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று அவர் கட்டிலை நகர்த்தும்போது விரலை நசுக்கிக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன். கிழவர் தலையைத் தூக்கினார். "தமிழா?" என்றார். தமிழில்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடி, மண்கூடையைத் தலைக்கு ஏற்றுகிறவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கி, ஒரு மெட்டோடு சொன்னார்: "சோணைமுத்து, ஆனைக்குட்டம், சாத்தூர் தாலுகா, ராம்நாடு ஜில்லா."

ஆனைக்குட்டம் அண்ணே! உங்கள் பிரஸ்ஸிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாத ஆனைக்குட்டம்! நான் அழுதேன், அவர் அழுதார், பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து அழுதார்.

சயாமில், அதாவது இப்போதைய தாய்லாந்தில், ஜப்பான்காரன் ரயில் ரோடு போட்டபோது கூட வேலை செய்த தமிழ்க் கூலியாம் இந்தச் சோணைமுத்து. அவர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தாரா? ஆல்ஃபுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். அறுபது வருஷமாக இந்த ஒரு கேள்வியோடு இருக்கிறார். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். இவருக்காக ஒரு எட்டுப் போய் விசாரியுங்கள்.

மதினிக்கு என் அன்பு.

ஜெஸ்லின்


திருத்தங்கல்
15.3.2005

ஜெஸ்லினுக்கு,

பொன்ராஜ் எழுதுவது. 'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. போட்டதாக வைத்துக்கொள்.

கடிதத்தை நான் பிரிக்கவில்லை, உன் மதினிதான் பிரித்தாள். நான் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தாள். ஆனைக்குட்டம் என்று வந்ததும் நான் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டேன் என்று அவள் சொல்கிறாள். கழுவிவிட்டுத்தான் எழுந்தேன்.

காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடக்கிறது. முனியராஜிடம் பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேற்று பைக்கில் போனேன். டீக்கடையில் சோணைமுத்து யாரென்று கேட்டேன். நான்கு பேர் "நான்தான்" என்று எழுந்து நின்றார்கள். அதில் ஒருவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. சயாமுக்குப் போன சோணைமுத்து என்றேன். கோட்டைச்சாமி என்று ஒரு பெரியவர், "அங்கன போனவுக எம்புட்டுப் பேரு, திரும்புனவுக எம்புட்டுப் பேரு? அணை கட்டுனப்போ பாதிச் சனம் திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் போயிருச்சு. நீரு இங்கன வந்து தேடுதீரு" என்று என்னையே திட்டினார். நம் ஊரிலேயே இருப்பவனை அடுத்த ஊரில் போய்த் தேடினேனோ என்னவோ.

பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுக்குள் என்ன நடந்தது, கடைசியாக எப்போது பார்த்தார், எல்லாம் கேட்டு எழுது. கிழவரின் பட்டாளத்துப் படம் இருந்தால் அனுப்பு, நல்ல பிரிண்டாக. போன் செய்யாதே. சொன்னது சொன்னதுதான்.

இது கிழவருக்காகச் செய்வது. உனக்காக அல்ல.

பொன்ராஜ்


பெண்டிகோ
29.3.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஆனைக்குட்டம் போனதை ஆல்ஃபிடம் சொன்னேன். நான்கு சோணைமுத்து எழுந்து நின்ற கதையை மூன்று முறை சொல்லச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, இதுவரை தன் மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

1943இல் சயாம் காட்டில் மழைக்காலம். கைதிகள் முகாமுக்குப் பக்கத்திலேயே மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்களின் முகாம். இரண்டு கூட்டமும் ஒரே கரைக்கு மண் சுமந்திருக்கிறது. ஆல்ஃப் வயிற்றுப்போக்கில் எலும்பாகிவிட்டார். அவரோடு கூடை மாற்றும் ஆள்தான் சோணைமுத்து. மண் தூக்கும்போதே தன் விலாசத்தை மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டு பேரில் யார் பிழைத்தாலும் மற்றவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். இவருடைய விலாசம்தான் அவருக்குக் கடைசிவரை நாக்கில் ஏறவில்லையாம்.

ஆல்ஃப் தன் பட்டாளத்துச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். சோணைமுத்து அதை ஆற்றில் வரும் படகுக்காரியிடம் தவணையாக மாற்றி, சாப்பிடும் சாமான் ஒன்று மூன்று தடவை கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் எழுந்து நடந்தேன் என்கிறார் ஆல்ஃப். என்ன சாமான் என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். நான்காவது தடவை சோணைமுத்து காவல்காரனிடம் பிடிபட்டுவிட்டார். யாருக்காக வாங்கினாய் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தி அடித்துக் கேட்டான். சோணைமுத்து ஆல்ஃபை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, எனக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னார். அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தமிழர் முகாமே காலி. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

"நான் வரிசையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை" என்றார் அண்ணே. சண்டை முடிந்து வீடு வந்தபோது அவர் எடை முப்பத்தெட்டு கிலோ. கடிதம் எழுதப் பலமுறை உட்கார்ந்தாராம். அவன் வீட்டார் பதில் எழுதி, 'அவன் வரவே இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

இப்போது கெட்ட செய்தி. ஞாயிற்றுக்கிழமை முதல் நுரையீரலில் சளி கட்டி மூச்சுத் திணறுகிறது. டாக்டர் பத்து நாள் தாண்டாது என்கிறார். சீக்கிரம் அண்ணே! நீங்கள் போனை மட்டும் எடுத்தால் இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் எழுதுகிறேன். அம்மா இறந்தபோது நான் இங்கே வேலையில் சேர்ந்து மூன்று வாரம். லீவு தரமாட்டோம் என்றார்கள். நான் வரவில்லை, தப்புதான். ஆனால் நீங்கள் அடித்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. படம் பிடித்து ஒருவர் அனுப்பினார். அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது.

படம் உள்ளே இருக்கிறது. தொப்பி ஒரு பக்கம் மடிந்திருப்பது அவர்கள் வழக்கம், பிரிண்ட் கோளாறு இல்லை.

ஜெஸ்லின்


திருத்தங்கல்
14.4.2005

அன்புள்ள தங்கச்சி ஜெஸ்லினுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! சோணைமுத்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்! என்ன பிரயோஜனம், கேட்க வேண்டிய காது போய்விட்டது. அதை நினைத்தால்தான் ஆறவில்லை. அவருடைய ஆத்துமா கர்த்தருக்குள் இளைப்பாறட்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. நீ எழுதிய நாளிலிருந்து பத்து நாளைக் கூட்டினேன், எட்டாம் தேதி. கிழவர் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. போன் செய்து கேளுங்கள் என்று உன் மதினி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். செத்த வீட்டுக்குப் போன் செய்து செத்தாரா என்று கேட்பதா? அதுவும் உன்னிடம்? எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. நம் ஊர்க்காரன் பெயரை அறுபது வருஷம் நெஞ்சில் வைத்திருந்த மனுஷனுக்கு இந்த ஊரில் ஒரு போஸ்டர்கூட இல்லாமலா?

அடித்துவிட்டேன். டபுள் டெமி சைஸ், நான்கு கலர், இருநூறு காப்பி. தொப்பிப் படம் நடுவில். மேலே கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 1922, மறைவு 8.4.2005. "ஆஸ்திரேலிய நாட்டுப் போர்வீரரும், சயாம் ரயில் ரோட்டில் ஆனைக்குட்டம் சோணைமுத்துவோடு மண் சுமந்த கூட்டாளியுமாகிய ஆல்ஃப் டன்கன் அவர்கள் எங்களை ஆற்றொணாத் துயரில் ஆழ்த்திவிட்டு" என்று போகிறது. முனியராஜ் அவன் இஷ்டத்துக்கு ஓரத்தில் கண்ணீர் சொட்டும் ஒற்றைக் கண் ஒன்றையும் இரண்டு புறாவையும் சேர்த்துவிட்டான். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே கேட், கம்பெனி வேன் நிற்கும் இடம், ஆனைக்குட்டம் டீக்கடை, எல்லா இடத்திலும் ஒட்டினோம்.

நேற்று சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று பிரஸ் வாசலில் வந்து நின்றது. இருபது பொம்பளைகள் இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு, "ஐயா, துட்டிக்கு வந்திருக்கோம். பாடிய எங்கன வச்சிருக்கீக?" என்றது. பின்னால் இருந்தவர்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த பிரஸ்காரர்கள் எல்லாம் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள்! பாடி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்று சொல்லி, கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அந்த அம்மா பெயர் மாடத்தி. சோணைமுத்துவின் மகள்! இங்கே நம் பிரஸ்ஸுக்கு மூன்று தெரு தள்ளித்தான் வீடு. பட்டாசுக்குத் திரி வெட்டும் வேலை. ஜெஸ்லின், சோணைமுத்து ஊர் திரும்பியிருக்கிறார். 1946இல் வந்து, கல்யாணம் முடித்து, நான்கு பிள்ளை பெற்று, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து, 1984இல்தான் செத்திருக்கிறார். அன்று வாங்கிய அடியில் ஒரு காது மட்டும் கேட்காதாம்.

மாடத்தி சொன்னதை அந்த அம்மா பேச்சிலேயே எழுதுகிறேன். "எங்க அப்பாவ வேற கேம்புக்குக் கொண்டுபோயிட்டாக. வெள்ளக்காரன் கேம்புல காலரா வந்து ஒருத்தன் மிச்சமில்லன்னு அங்கன பேசிக்கிட்டாகளாம். அந்தக் கூட்டாளியும் போயிட்டான்னு எங்க அப்பா அம்புட்டு அழுதாராம். தீபாவளிக்குத் தீபாவளி செத்தவுகளுக்குப் படைக்கையில அந்த வெள்ளக்காரனுக்கும் தனியா ஒரு எல போடுவாரு. கறி வைக்கிறமோ இல்லயோ, அந்த எலயில ஒரு அவிச்ச முட்ட வச்சே ஆகணும். கடைசியா வாங்குன முட்டய அவன் கையில குடுக்க முடியாமப் போச்சேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவரு போன பொறவு நாங்க போடுதோம். பேரு தெரியாது, வெள்ளக்காரன் எலன்னுதான் சொல்லுவோம். இப்பத்தான் போஸ்டரப் பாத்துப் பேரு தெரிஞ்சது, போன வாரம் வரைக்கும் உசுரோட இருந்ததும் தெரிஞ்சது."

சயாமில் வாங்கின சாமான் முட்டைதான் பிள்ளை. பத்து நாள் முன்னால் தெரிந்திருந்தால் கிழவர் சந்தோஷமாகக் கண்ணை மூடியிருப்பார்.

போஸ்டர் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டார் இருந்தால் கொடு. கடைசி வரியைப் பார்.

பொன்ராஜ்


பெண்டிகோ
27.4.2005

அண்ணே! அண்ணே! அண்ணே!

அவர் சாகவில்லை!

டாக்டர் பத்து நாள் என்றார், ஆல்ஃப் கேட்டால்தானே? ஊசி மருந்து பிடித்துக்கொண்டது, ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் எழுந்து உட்கார்ந்து சூப் சரியில்லை என்று சண்டை போட்டார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நான்கு கலரில் இருநூறு காப்பி! தேதியும் நீங்களே போட்டு, புறா விட்டு! போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உங்கள் வைராக்கியத்தைத் தூக்கி அணையில் போடுங்கள்! நேற்று உறையைப் பிரித்து போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அண்ணன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மறைக்கலாம் என்று மடித்தேன். கிழவர் பார்த்துவிட்டார். "என் படம் அது" என்று கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் வாசித்து மொழிபெயர்த்தேன். செத்த தேதி எது என்று கேட்டார். எட்டு என்றேன். விரல் விட்டு எண்ணி, "பதினெட்டு நாள் சும்மா கிடைத்திருக்கிறது" என்றார்! அந்த ஒற்றைக் கண் யாருடையது என்று கேட்டார். அறைக்கு வருகிற போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். கட்டிலுக்கு மேல் ஒட்டியாயிற்று.

பிறகு உங்கள் கடிதத்தை வாசித்தேன். சோணைமுத்து நாற்பத்தாறில் ஊர் திரும்பினார் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசி என்றார். வாசித்தேன். மறுபடி என்றார். கல்யாணம், நான்கு பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸ், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இலை என்றால் என்ன, ஏன் போடுகிறார்கள் என்று விளக்கினேன். அந்த இலையில் வருஷா வருஷம் ஒரு அவித்த முட்டை என்று சொன்னதும் அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது. "கோபம் இல்லையா? அவனுக்கு என்மேல் கோபமே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை, முட்டை உங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்கிற வருத்தம் மட்டும்தான் என்றேன்.

இன்று காலை முட்டை கேட்டார். நாங்கள் மூன்று நர்சுகள் சுற்றி நின்று பார்த்தோம். அவரே ஓட்டை உரித்தார். முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அறுபது வருஷமாகத் திறக்காத மெடல் பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்.

கடைசி வரியைப் பார்த்தேன் அண்ணே. "இவண்: பொன்ராஜ், ஜெஸ்லின்." உயிரோடு இருக்கிறவருக்கு அடித்த அஞ்சலியில்தான் எனக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. அழுதேன். போதும், இதற்குமேல் எழுத முடியாது.

ஜெஸ்லின்


திருத்தங்கல்
8.5.2005

அன்புள்ள தங்கச்சி ஜெஸ்லினுக்கு,

நன்றாகத் திட்டினாய். மதினி அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்தாள், தனக்கும் சேர்த்து என்று. முனியராஜ் பக்கெட்டும் தண்ணியுமாகப் போய் போஸ்டரை எல்லாம் கிழிக்கப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் விடவில்லை. செத்தவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தி பரவி, இப்போது அந்த இடத்தில் பூ வைக்கிறார்கள். நான் என்ன செய்ய?

மாடத்தி அக்காவிடம் போய்ச் சொன்னேன். திரிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, "இப்பவும் உசுரோட இருக்க மனுசனுக்கா அம்புட்டு வருசமா எல போட்டோம்!" என்று தலையில் கை வைத்தது. அடுத்த நிமிஷம் அப்படி ஒரு சிரிப்பு. தெருவே கூடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகம் மாறிவிட்டது. "எங்க அப்பா சொல்லிட்டுப் போன எல. எடுக்கவும் மனசில்ல, உசுரோட இருக்கவருக்குப் போடவும் மனசில்ல. இந்தத் தீபாவளிக்கு என்ன செய்யணும்னு அவருகிட்டயே கேளுங்கய்யா" என்கிறது.

இதற்குப் பதில் வர இருபத்தைந்து நாள் என்னால் பொறுக்க முடியாது. அதனால் வரும் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இங்கே பத்து மணிக்கு நான் போன் செய்வேன். மாடத்தி அக்காவும் இருக்கும். கிழவர் பக்கத்தில் இரு.

முதலில் நான் உன்னோடு பேச வேண்டும். அம்மா போஸ்டரில் உன் பெயரைக் கம்போசிங்கில் நான்தான் எடுத்தேன். எடுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது, அதை மறைக்க இரண்டு புறா வைத்தேன். அதைச் சொல்ல வேண்டும்.

பொன்ராஜ்


பெண்டிகோ
22.5.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

போனை வைத்த கையோடு எழுதுகிறேன். நீங்கள் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு 'பாப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள், அப்புறம் மூக்குச் சிந்தும் சத்தம்தான். பரவாயில்லை, அது போதும். மதினிதான் பிழைக்கத் தெரிந்தவள், போனைப் பிடுங்கி மாடத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆல்ஃப் போனில் அந்த விலாசத்தை மெட்டோடு சொன்னதும் அக்கா போட்ட சத்தம் உங்கள் தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு அக்கா இலையைப் பற்றிக் கேட்டதும், அவர் பதில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று நீங்கள் கத்தினீர்கள். அவர் பேசியது இங்கிலீஷ், நான் அழுதுகொண்டிருந்ததில் தமிழில் சொல்லவில்லை. அவர் சொன்னதை இப்போது எழுதுகிறேன், இதைக் கொண்டுபோய் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

"இந்தத் தீபாவளிக்கு எனக்கு இலை வேண்டாம். நேரம் வரும்போது போட்டுக்கொள்ளலாம். அந்த முட்டையை உன் அப்பா இலையில் வை. வைக்கும்போது அவனிடம் சொல்: நாலாவது முட்டையும் வந்து சேர்ந்துவிட்டது."

ஜெஸ்லின்